முட்டையின் வெள்ளைக்கருவும் இரத்தம் உறையாமல் காக்கும் புரதமும் எப்படி ஒரே குடும்பம்? செர்பின்கள் பற்றி

கேள்வி இது: "செர்பின் என்றால் செரின் புரோட்டியேஸ் நொதிகளைத் தடுக்கும் புரதம் என்று படித்தேன். ஆனால் அந்தக் குடும்பப் பட்டியலில் முட்டையின் ஓவல்புமின், தைராய்டு ஹார்மோனைச் சுமக்கும் புரதம், கொலாஜன் உருவாக உதவும் புரதம் எல்லாம் இருக்கின்றன. இவை எதையும் தடுப்பதில்லையே, பிறகு எப்படி ஒரே குடும்பம்? ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் குறைபாட்டில் நுரையீரலும் கல்லீரலும் இரண்டுமே கெடுவது ஏன்?"

குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். 1980-இல் லோயிஸ் ஹன்ட்டும் மார்கரெட் டேஹாஃபும் அமினோ அமில வரிசைகளை ஒப்பிட்டபோது ஓவல்புமின், இரத்தம் உறையாமல் காக்கும் ஆன்டித்ராம்பின், நுரையீரலைக் காக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் மூன்றும் உறவு என்று தெரிந்தது. 1985-இல் ராபின் கேரலும் ஜேம்ஸ் டிராவிஸும் இந்தக் குடும்பத்துக்கு 'செர்பின்' என்று பெயர் வைத்தார்கள். அன்றைக்கு நன்றாகத் தெரிந்திருந்த வேலை புரோட்டியேஸை, அதாவது புரதத்தை வெட்டும் நொதியை, தடுப்பது என்பதால் பெயரும் அதிலிருந்தே வந்தது. உண்மையில் இந்தக் குடும்பத்தைச் சேர்த்துக் கட்டுவது வேலை அல்ல, வடிவம். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த வடிவத்துக்குள் இழுத்துக் கட்டி வைத்திருக்கும் ஒரு வில். சிலவற்றில் அந்த வில் நொதியை நசுக்குகிறது, சிலவற்றில் ஹார்மோனை விடுவிக்கிறது, சிலவற்றில் வேலை செய்வதே இல்லை. நேரம் தவறித் தெறித்தால் நோய். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் இந்த வில்லில்தான் இருக்கிறது.

வில் எப்படி வேலை செய்கிறது

ஒரு செர்பினில் 350 முதல் 400 அமினோ அமிலங்கள்வரை இருக்கும். மூன்று பீட்டா தகடுகள், எட்டு அல்லது ஒன்பது ஆல்ஃபா சுருள்கள். புரதத்தின் தலைப்பக்கம் சுமார் 20 அமினோ அமில நீளத்துக்கு ஒரு வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்தால் 'வினை மையக் கண்ணி' என்று வரும். கண்ணி என்ற சொல்லுக்குத் தமிழில் வளையம், வலை என்று இரண்டு பொருளும் உண்டு. இங்கே இரண்டும் பொருந்துகிறது.

புரோட்டியேஸ் வெட்ட வேண்டிய இடத்துக்கு முந்தைய அமினோ அமிலத்தை 'பி1' என்பார்கள். கண்ணியின் பி1 இடத்தில் அந்த நொதிக்குப் பிடித்த அமினோ அமிலம் தூண்டில் இரைபோல வைக்கப்பட்டிருக்கிறது. எலாஸ்டினை வெட்டும் எலாஸ்டேஸுக்கு மெத்தியோனின், இரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பினுக்கு ஆர்ஜினின். நொதி வந்து கடிக்கிறது. அதன் செயல்மையத்தில் உள்ள செரின், பி1-உடன் ஒரு எஸ்டர் பிணைப்பை உண்டாக்குகிறது, கண்ணி அறுகிறது. சாதாரணப் புரதமாக இருந்தால் அடுத்த கணமே ஒரு நீர் மூலக்கூறு வந்து அந்த எஸ்டரையும் வெட்டிவிடும், நொதி விடுபட்டு அடுத்ததைக் கடிக்கப் போகும்.

செர்பினில் அந்த நீர் வருவதற்குள் வேறொன்று நடந்துவிடுகிறது. அறுபட்ட கண்ணியின் தளர்ந்த முனை, 'ஏ' தகட்டின் நடு இழைகளை விலக்கிக்கொண்டு அவற்றுக்கிடையே புதிய இழையாகச் செருகிக்கொள்கிறது. முனையில் ஒட்டியிருக்கும் நொதியும் கூடவே இழுபட்டு, புரதத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, சுமார் 70 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) தூரம் போய் மோதுகிறது. 2000-ஆம் ஆண்டில் ஹண்டிங்டன், ரீட், கேரல் மூவரும் டிரிப்சின் என்ற செரிமான நொதி சிக்கிய நிலையில் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சினின் படிக அமைப்பை வெளியிட்டார்கள். அதில் டிரிப்சினின் கட்டமைப்பில் 37 சதவீதம் குலைந்து கிடந்தது. செயல்மையம் கோணலாகிவிட்டதால் எஸ்டரை வெட்டும் கடைசி வேலையை நொதியால் முடிக்க முடிவதில்லை, அப்படியே மாட்டிக்கொள்கிறது. பிறகு இந்த ஜோடியைக் கல்லீரல் செல்களின் ஏற்பிகள் பிடித்து உள்ளே இழுத்து அழித்துவிடும்.

எலிப்பொறி என்று பாடப்புத்தகங்கள் சொல்வது சரியான உவமைதான், ஒரு திருத்தத்தோடு: இந்தப் பொறியை மறுபடி ஏற்றி வைக்க முடியாது. ஒரு செர்பின், ஒரு நொதி, இரண்டுக்கும் அத்தோடு முடிவு. சோயாவில் இருக்கும் டிரிப்சின் தடுப்பான் போன்றவை பூட்டுக்குள் சாவி மாட்டுவதுபோல நொதியில் உட்காரும், பிறகு கழன்றும் போகும். செர்பின் பிடித்தால் விடாது.

இதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான புரதங்கள் மடிந்து முடித்ததும் இருப்பதிலேயே நிலையான வடிவத்துக்குப் போய்விடும். செர்பின் போகாது, பாதி வழியில் வில்லை இழுத்த நிலையில் நின்றுவிடும். சாதாரண ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் 60 டிகிரி செல்சியஸ் அளவில் குலைந்துவிடும். கண்ணி அறுபட்டு உள்ளே செருகிக்கொண்ட வடிவமோ 100 டிகிரியைத் தாண்டினாலும் அசையாது. இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் வில்லின் விசை.

தடுக்காத செர்பின்கள்

ஒரு செர்பின் தடுக்குமா தடுக்காதா என்பதைப் பெரும்பாலும் வரிசையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பார்க்க வேண்டியது பி1 அல்ல, கண்ணியின் கீல் பகுதி. அதாவது பி1-க்கு முன்னால் பி15-லிருந்து பி9 வரை உள்ள இடங்கள். தடுக்கும் செர்பின்களில் பி15 கிளைசின், பி14 த்ரியோனின் அல்லது செரின், பி12-லிருந்து பி9 வரை அலனின் போன்ற குட்டி அமினோ அமிலங்கள். குட்டியாக இருந்தால்தான் தகட்டுக்குள் தடையில்லாமல் நழுவிப் போக முடியும். ஓவல்புமினின் பி14 இடத்தில் உட்கார்ந்திருப்பது ஆர்ஜினின், பருத்த, மின்னேற்றம் கொண்ட ஒன்று. கதவிடுக்கில் கட்டை வைத்ததுபோல. கண்ணியை வெட்டினாலும் உள்ளே போகாது, வில்லும் தெறிக்காது.

ஓவல்புமின் வெள்ளைக்கருவின் புரதத்தில் பாதிக்கு மேல். அதற்கும் ஒரு வடிவ மாற்றம் உண்டு, ஆனால் வேறு வகை. முட்டை பழசாக ஆக, ஓட்டின் துளைகள் வழியே கார்பன் டை ஆக்சைடு வெளியேறி வெள்ளைக்கருவின் பி.எச். 9-ஐத் தாண்டும். அந்தக் காரத்தில் ஓவல்புமின் மெல்ல மெல்ல 'எஸ்-ஓவல்புமின்' என்ற கெட்டியான வடிவத்துக்கு மாறும். அது குலைய வேண்டிய வெப்பநிலை சுமார் 8 டிகிரி கூடுதல். கேக், புடிங் தொழிற்சாலைகளில் பழைய முட்டை சரியாக இறுகாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பார்லியின் 'இசட் புரதமும்' ஒரு செர்பின்தான். வேகவைத்தும் நொதிகளில் ஊறியும் சிதையாமல் தாக்குப்பிடித்து பியரின் நுரைக்குள் வந்துசேர்கிறது.

ஹார்மோன் சுமப்பவை வில்லை வேறு விதமாகப் பயன்படுத்துகின்றன. கார்டிசாலைச் சுமக்கும் குளோபுலின் நல்ல உதாரணம். அழற்சி உள்ள இடத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கக்கும் எலாஸ்டேஸ் அதன் கண்ணியை வெட்டும். கண்ணி உள்ளே செருகும்போது ஹார்மோன் உட்கார்ந்திருக்கும் குழி நெளிந்து, பிடி தளர்ந்து, கார்டிசால் தேவைப்படும் இடத்திலேயே இறங்குகிறது. எலாஸ்டேஸ் இங்கே இரை அல்ல, விசையைத் தட்டிவிடும் விரல். தைராய்டு ஹார்மோனான தைராக்சினைச் சுமக்கும் குளோபுலினிலும் கண்ணியின் அசைவுக்கேற்ப பிடி இறுகித் தளர்கிறது.

ஆஞ்சியோடென்சினோஜன் இரத்த அழுத்தப் பாடத்தில் எல்லோரும் படித்த பெயர். அதுவும் செர்பின்தான். ரெனின் வெட்டுவது அதன் கண்ணியை அல்ல, வால்போல நீண்டிருக்கும் தொடக்க முனையை. அங்கிருந்து கழலும் 10 அமினோ அமிலத் துண்டுதான் ஆஞ்சியோடென்சின்-1. ஹெச்.எஸ்.பி.47 என்ற செர்பின் செல்லுக்குள், புரதங்கள் மடியும் அறையான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் இருந்துகொண்டு கொலாஜனின் மூவிழைச் சுருளைப் பிடித்து நிறுத்தும். அடுத்த அறையான கோல்ஜிக்குப் போகும் வழியில் பி.எச். குறைந்ததும் விட்டுவிட்டுத் திரும்பி வரும். அதன் மரபணு கெட்டால் எலும்பு எளிதில் நொறுங்கும் நோய் வருகிறது.

பொறி யார் சொன்னால் தெறிக்க வேண்டும்

எப்போதும் ஏற்றி வைத்த பொறியாக இருந்தால் ஆபத்து. ஆன்டித்ராம்பின் இதற்கு ஒரு பூட்டு வைத்திருக்கிறது. அதன் கண்ணியின் கீல் ஏற்கனவே தகட்டுக்குள் கொஞ்சம் செருகிக்கிடக்கும், அதனால் நொதிகளுக்கு அது சுவைப்பதில்லை. ஹெப்பாரின் (இரத்தம் உறையாமல் தடுக்கக் கொடுக்கும் சர்க்கரைச் சங்கிலி மருந்து) சங்கிலியில் குறிப்பிட்ட ஒரு ஐந்து சர்க்கரைத் தொடர் வந்து 'டி' சுருளில் ஒட்டினால் கீல் வெளியே தள்ளப்படும். உறைவுக் காரணி பத்து-ஏ-யைப் பிடிக்கும் வேகம் சுமார் 300 மடங்கு கூடும். த்ராம்பினுக்கு இது மட்டும் போதாது. ஒரே ஹெப்பாரின் சங்கிலி ஆன்டித்ராம்பினையும் த்ராம்பினையும் பாலம்போலச் சேர்த்துப் பிடிக்க வேண்டும், அதற்குக் குறைந்தது 18 சர்க்கரைகள் நீளம் வேண்டும். அப்போது வேகம் ஆயிரம் மடங்கைத் தாண்டும்.

மருத்துவமனையில் தினமும் பார்க்கும் சில விஷயங்கள் இந்த ஒரு கணக்கிலிருந்தே வருகின்றன. ஃபாண்டாபரினக்ஸ் என்ற மருந்து வெறும் ஐந்து சர்க்கரை, ஆகவே பத்து-ஏ மட்டும்தான் சிக்கும், த்ராம்பின் தப்பிக்கும். இனாக்ஸபரின் போன்ற குட்டை ஹெப்பாரின்களில் பெரும்பாலான சங்கிலிகள் 18-ஐ எட்டாது, அதனால் இரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி. சோதனையில் அவற்றின் விளைவு சரியாகத் தெரியாது. அளக்க வேண்டுமானால் பத்து-ஏ எதிர்ப்புச் சோதனைதான். ஹெப்பாரின் அளவை ஏற்றிக்கொண்டே போயும் பலன் தெரியவில்லை என்றால் ஆன்டித்ராம்பின் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொறியே இல்லாத இடத்தில் விசையைத் தட்டி என்ன பயன்? சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடும் நெஃப்ராட்டிக் நோயில் அது சிறுநீரில் போய்விடும், இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஆஸ்பராஜினேஸ் மருந்து அதன் உற்பத்தியைக் குறைக்கும்.

அளப்பதிலும் வழுக்கல் உண்டு. புரத அளவு மட்டும் பார்த்தால், அளவு சரியாக இருந்து செயல் கெட்டிருக்கும் வகை தப்பிவிடும், எனவே முதலில் செயல்திறன் சோதனை. ஹெப்பாரின் ஏறிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் அளவு குறைந்து தெரியலாம். பத்து-ஏ-யைத் தடுக்கும் ரிவராக்சபான் மாத்திரை எடுப்பவருக்கு பத்து-ஏ-யை வைத்துச் செய்யும் சோதனையும், த்ராம்பினைத் தடுக்கும் டாபிகாட்ரான் எடுப்பவருக்கு த்ராம்பினை வைத்துச் செய்யும் சோதனையும் பொய்யாக உயர்வு காட்டும். உண்மையான குறைபாடு இப்படி மறைந்துபோவது அபூர்வமான விஷயம் அல்ல.

பி.ஏ.ஐ.-1 என்ற செர்பின் ஆன்டித்ராம்பினுக்கு நேர்மாறு. அதன் பொறி தானே இறங்கிவிடும். யாரும் வெட்டாமலே கண்ணி உள்ளே செருகி, 37 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாதி செயலற்றுப்போகும். விட்ரோனெக்டின் என்ற புரதம் ஒட்டியிருந்தால் கொஞ்சம் தாமதமாகும். உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் வேலையை இது தடுக்கிறது என்பதால் நீண்ட நேரம் அலையாமல் இருப்பது நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

நுரையீரலும் கல்லீரலும்

ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சினைக் கல்லீரல் நாளொன்றுக்குச் சுமார் 2 கிராம் உற்பத்தி செய்கிறது. பெயரில் டிரிப்சின் இருந்தாலும் அதன் உண்மையான இலக்கு நியூட்ரோஃபில் எலாஸ்டேஸ், நுரையீரலின் மீள்தன்மைக்குக் காரணமான எலாஸ்டினைக் கரைக்கக்கூடியது. 1963-இல் ஸ்வீடனின் மால்மோவில் லாரலும் எரிக்சனும் சீரத்தின் புரதங்களை மின்புலத்தில் பிரித்த தாள்களில் ஆல்ஃபா-1 பட்டை காணாமல்போயிருந்ததைக் கவனித்தார்கள். அங்கிருந்துதான் இந்தக் குறைபாடு வெளிச்சத்துக்கு வந்தது.

இந்தக் குறைபாட்டின் 'இசட்' மரபணு வகையில் (பார்லிப் புரதத்தோடு தொடர்பில்லை) 342-ஆவது இடத்தின் குளூட்டமிக் அமிலம் லைசினாக மாறியிருக்கும். அந்த இடம் கண்ணியின் அடிவாரம், கீலுக்குப் பக்கத்தில். அங்கே பிடி தளர்ந்ததும் 'ஏ' தகடு வாய் பிளக்கிறது. தன் கண்ணி நுழைய வேண்டிய இடத்தில் பக்கத்து மூலக்கூறின் துண்டு நுழைகிறது, அதனுடையதில் அடுத்தது, இப்படியே சங்கிலி நீள்கிறது. நுழைவது கண்ணி என்று 1992-இல் லோமஸும் கேரலும் சொன்னார்கள். புரதத்தின் வால் முனையே இடம் மாறிக் கோத்துக்கொள்கிறது என்ற விளக்கம் பின்னால் வந்து வலுப்பெற்றது. எப்படியானாலும் விளைவு ஒன்றே: கல்லீரல் செல்லின் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துக்குள் புரதம் கட்டிக்கட்டியாகத் தேங்குகிறது. பயாப்ஸியில் பி.ஏ.எஸ். சாயத்தில் சிவந்து, கிளைக்கோஜனைக் கரைக்கும் டயாஸ்டேஸ் நொதியைப் போட்டாலும் மறையாத உருண்டைகளாகத் தெரிவது அதுதான்.

இரண்டு இசட் பிரதிகள் உள்ளவரின் இரத்தத்துக்கு வந்துசேர்வது இயல்பில் 10 முதல் 15 சதவீதம். ஆகக் கல்லீரல் கெடுவது உள்ளே தேங்குவதால், நுரையீரல் கெடுவது வெளியே வராததால். ஒரே பிழை, எதிரெதிரான இரண்டு வழி. இதற்கு நல்ல சாட்சி 'நல்' (null, வெறுமை) வகை. அதில் புரதமே உருவாகாது. அவர்களுக்கு நுரையீரல் மிக மோசமாகும், இந்தப் புரதத்தால் கல்லீரலுக்கு ஒன்றும் ஆகாது, தேங்குவதற்கு எதுவும் இல்லையே. வாரம் ஒருமுறை கிலோ எடைக்கு 60 மில்லிகிராம் என்று இரத்தக் குழாயில் ஏற்றும் புரதம் நுரையீரலை மட்டும் காப்பதும் இதனால்தான். கல்லீரல் மாற்று சிகிச்சை இரண்டு பிரச்சினையையும் தீர்க்கும்.

புகையிலை இங்கே இரட்டைச் சேதம். புகை நியூட்ரோஃபில்களை வரவழைக்கிறது, கூடவே தூண்டில் இரையான 358-ஆவது மெத்தியோனினை ஆக்சிஜனேற்றம் செய்துவிடுகிறது. இரை கெட்டதும் எலாஸ்டேஸைப் பிடிக்கும் வேகம் சுமார் 2,000 மடங்கு குறைகிறது. இசட் உள்ளவர் புகைத்தால் கையிலிருக்கும் கொஞ்சத்தையும் கெடுத்துக்கொள்கிறார்.

அளவு பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காய்ச்சல், அழற்சி இருந்தால் இந்தப் புரதம் ஏறும். இயல்பான வகையான 'எம்' ஒன்றும் இசட் ஒன்றும் உள்ளவரின் அளவு அந்த நாளில் இயல்பாகத் தெரியக்கூடும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.-யையும் சேர்த்துப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் மரபணு வகையைப் பாருங்கள். இசட் பெரும்பாலும் வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் காணப்படுவது, நம் ஊரில் மிக அரிது.

இரை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1983-இல் வெளியான பிட்ஸ்பர்க் வகை போதும். அதே 358-ஆவது இடத்தில் மெத்தியோனினுக்குப் பதில் ஆர்ஜினின். எலாஸ்டேஸைப் பிடிக்க வேண்டிய புரதம் த்ராம்பினைப் பிடிக்கத் தொடங்கியது, அதுவும் ஹெப்பாரின் தேவைப்படாமலே. அழற்சியில் ஏறும் புரதம் என்பதால் ஒவ்வொரு காயத்துக்குப் பிறகும் இரத்தக்கசிவு கூடியது. அந்தச் சிறுவன் 14 வயதில் இறந்தான்.

இதே தேக்கம் மூளையிலும் நடக்கும். நியூரோசெர்பின் என்ற செர்பின் நரம்பு செல்களில் சங்கிலியாகித் தேங்கும்போது பரம்பரை மறதிநோய் வருகிறது. சி1 தடுப்பான் என்ற செர்பின் குறைந்தால் கல்லிக்ரீன் என்ற நொதி கட்டவிழ்ந்து, வீக்கம் உண்டாக்கும் பிராடிகைனின் பெருகி உதடு, குடல், குரல்வளை வீங்கும். ஒவ்வாமை வீக்கம் என்று நினைத்து ஆன்டிஹிஸ்டமினும் ஸ்டீராய்டும் கொடுத்தால் கேட்காது. அரிப்பும் தடிப்பும் இல்லாமல் திரும்பத்திரும்ப வீங்குகிறதென்றால் சி4 என்ற இரத்தப் புரதத்தின் அளவையும் சி1 தடுப்பானின் செயல்திறனையும் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஏ.சி.இ. தடுப்பு மாத்திரைகள் இவர்களுக்கு ஆகாது.

செல்லுக்குள்ளே இருப்பவை

செர்பின்கள் என்றாலே இரத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். 'பி' கிளையைச் சேர்ந்த 13 மனிதச் செர்பின்கள் பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே இருப்பவை. கொல்லும் டி செல்கள் இலக்கின்மேல் கிரான்சைம் பி என்ற புரோட்டியேஸைப் பாய்ச்சுகின்றன. அதில் சிறிது சொந்தச் செல்லுக்குள்ளேயே கசிந்தால் தற்கொலைதான். பி.ஐ.-9 என்ற செர்பின் அந்தக் கசிவைப் பிடித்துவிடுகிறது. சில புற்றுநோய்ச் செல்கள் இதே பி.ஐ.-9-ஐத் தயாரித்து டி செல்களின் தாக்குதலிலிருந்து தப்பிக்கின்றன. பசு அம்மை வைரஸ் வைத்திருக்கும் செர்பின், செரின் நொதியையே விட்டுவிட்டு சிஸ்டீன் நொதியான காஸ்பேஸ்-1-ஐத் தடுத்து அழற்சி அழைப்பை அமுக்குகிறது. பெயரில் செரின் இருப்பதை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம்.

ஆய்வகத்தில் செர்பின் கையாள்பவர்களுக்கு

தடுப்பு உண்மையிலேயே செர்பின் முறையில்தானா என்று பார்க்க எஸ்.டி.எஸ். ஜெல் ஓட்டுங்கள். பிணைப்பு எஸ்டர் என்பதால் கொதிக்கவைத்தாலும் ஜோடி கழலாது. ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் 52 கிலோ டால்டன், அதற்கு மேலே நொதியும் சேர்ந்த ஒரு பட்டை தெரியும், கீழே 48 அளவில் வீணாக வெட்டுப்பட்ட செர்பின் தெரியும். நீருக்கும் கண்ணிக்கும் நடக்கும் பந்தயத்தில் நீர் ஜெயித்த எண்ணிக்கைதான் அந்தக் கீழ்ப் பட்டை.

அதை அளவாகச் சொல்ல: முதலில் நொதியின் செயல்மையத்தை டைட்ரேட் செய்து உண்மையான செறிவைக் கண்டுபிடியுங்கள், எடையை நம்பாதீர்கள். நொதியை நிலையாக வைத்து, செர்பினை 0-விலிருந்து 2 மடங்கு மோலார் வரை ஏற்றி, வினை முடியும்வரை விட்டு, மிச்சச் செயலை நிறமி அடிமூலக்கூறால் அளந்து கோடு இழுங்கள். கோடு கீழ் அச்சை வெட்டும் இடம் 1 என்றால் ஒன்றுக்கு ஒன்று. 3 என்றால் மூன்றில் இரண்டு செர்பின் வீணாகிறது, அல்லது உங்கள் மாதிரியில் பெரும்பகுதி ஏற்கனவே செத்துக்கிடக்கிறது. இரண்டில் எது என்று பார்க்க ஜெல்லைத் திரும்பப் பாருங்கள்: வெட்டுப்பட்ட பட்டை இருந்தால் முதலாவது. வெட்டுப்படாத செர்பின் நொதியோடு சேராமல் அப்படியே நின்றால் இரண்டாவது, அதாவது வில் தானாக இறங்கியது அல்லது சங்கிலியானது. சங்கிலியை நேட்டிவ் ஜெல் ஏணிப்படிபோலக் காட்டிவிடும். இறங்கியதை 8 மோலார் யூரியா காட்டும்: நல்ல செர்பின் அதில் அவிழும், இறங்கியது அவிழாது.

செத்துப்போவதற்கு வழக்கமான காரணங்கள் சூடு, அமிலம், அதிகச் செறிவில் நீண்ட நேரம் வைத்திருப்பது, திரும்பத்திரும்ப உறையவைத்து உருக்குவது. பாக்டீரியாவில் தயாரித்துத் திரட்டிலிருந்து மறுமடிப்பு செய்தவற்றில், வில் ஏறாமலே நேராக நிலையான வடிவத்துக்குப் போய்விட்ட மூலக்கூறுகளும் கலந்திருக்கும், எனவே செறிவை எப்போதும் செயல்திறனில் எழுதுங்கள். பி.ஏ.ஐ.-1 என்றால் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள், உருக்கியதைப் பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மிச்சத்தைத் திரும்ப உறையவைத்து அடுத்த வாரம் எடுத்தால் குழாயில் புரதம் இருக்கும், தடுப்பான் இருக்காது.